நாய் மயங்கி விழும் காட்சி

அரைப்பரீட்சைத் தாள்கள் திருத்தி முடித்த அன்று எங்கள் பள்ளி டீச்சர்கள் எல்லோரும் சேர்ந்து மார்த்தாண்டத்துக்குப் படம் பார்க்கப் போனோம். பகல் காட்சி. துப்பறிவாளர் ஒருவரும் அவருடைய நாயும் சேர்ந்து திருட்டைக் கண்டுபிடிக்கிற நகைச்சுவைப் படம். அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. என்னால் இன்னொரு ஆள் அதைப் போய்ப் பார்க்க வேண்டாம்.

நான் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கட்டிக்கொண்டு வந்தது இரணியல் பக்கம். பிறந்தது மண்டைக்காட்டைத் தாண்டி ஒரு கடப்புறத்து ஊர். அப்பா கடலுக்குப் போனவர், அண்ணன் இப்போதும் போகிறவன். அம்மா தலையில் மீன் சுமந்து விற்றுத்தான் என்னை பி.எட். வரைக்கும் படிக்க வைத்தாள். பள்ளியில் இது எல்லோருக்கும் தெரியும். நானும் மறைத்ததில்லை. என் பக்கத்து மேசையில் இருக்கும் தமிழ் டீச்சருக்கு நான் கொண்டுபோகும் மீன்குழம்பில் பாதி போய்விடும். அவள் பாத்திரத்தை வழித்து விரலைச் சூப்பிக்கொண்டே, "ஒங்க ஊரு அயலை மீனுக்க ருசி சந்தையில வாங்குகதுல இல்ல டீச்சர்" என்பாள்.

படத்தின் முதல் பாதி சென்னையில் நடக்கிறது. வேலை கிடைக்காத துப்பறிவாளரிடம், போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய நாய் ஒன்று வந்து சேர்கிறது. அவர் முட்டாள், நாய் புத்திசாலி. அதுவரைக்கும் நானும் சிரித்தேன். அந்த நாய்க்குக் கண்ணிலேயே ஒரு நடிப்பு இருந்தது. இடைவேளையில் தமிழ் டீச்சர் வாங்கித் தந்த பப்ஸைத் தின்றுகொண்டு, பணம் வீண்போகவில்லை என்றுகூடச் சொன்னேன்.

இடைவேளைக்குப் பிறகு கதை தெற்கே ஒரு கடற்கரை ஊருக்கு வருகிறது. திருடனைக் கண்டுபிடிக்க ஊர் ஆண்களை வரிசையாக நிற்க வைத்து நாயை மோந்து பார்க்கச் சொல்கிறார்கள். முதல் ஆளை மோந்ததும் நாய் கண்ணைச் செருகிக்கொண்டு மல்லாந்து விழுகிறது. தண்ணீர் தெளித்து எழுப்புகிறார்கள். அடுத்த ஆள். மறுபடியும் விழுகிறது. கடைசியில் மீன்சட்டியோடு ஒரு பெண் வருகிறாள். பெண் வேடம் போட்ட ஆண் நடிகர் அது. மார்புக்குள் எதையோ திணித்து, பல்லில் கறை பூசி, எங்கள் பேச்சு என்று எந்த ஊரிலும் இல்லாத ஒரு பேச்சைப் பேசிக்கொண்டு வருகிறார். நாய் துப்பறிவாளரின் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, தன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது.

தியேட்டர் அதிர்ந்தது. தமிழ் டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் என் தொடையில் ஓங்கி அடித்தாள். அடித்த கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல எடுத்துக்கொண்டு என் காதருகே வந்து, "நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க டீச்சர். சும்மா காமெடிதானே" என்றாள். அவள் வாயில் பப்ஸின் மசாலா மணந்தது. எனக்குக் குமட்டியது. அந்த மணத்துக்கு அல்ல. அவள் சிரித்ததைக்கூட நான் பொறுத்திருப்பேன். சிரித்த பிறகு என்னை நினைத்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஒரு பையன் மைக்கோடு நின்றான். கூட இன்னொருவன் போனில் படம் பிடித்தான். பார்வையாளர்களின் கருத்தை எடுத்துத் தங்கள் சேனலில் போடுகிறவர்கள். பையன் நம் ஊர்க்காரன்தான், மைக் கையில் வந்ததும் சென்னைக்காரனாகப் பேசினான். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, "குடும்பத்தோட பாக்கலாம், நல்லா சிரிக்கலாம்" என்றாள். இன்னொருத்தி, "நாய்க்கு அவார்டு குடுக்கலாம்" என்றாள். தமிழ் டீச்சர், "மன அழுத்தத்துக்கு மருந்து" என்றாள். மைக் என் முன்னால் வந்தது.

நான் ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

"நான் கடப்புறத்துக்காரி" என்று ஆரம்பித்தேன். "எங்க ஊர்ல கரையில வலை இழுத்தா நாய்தான் மொதல்ல ஓடி வரும். மீன் மணத்துக்கு நாய் மயங்கி விழாது, வாலை ஆட்டும். இதை எழுதினவங்களுக்கு நாயையும் தெரியல்ல, எங்களையும் தெரியல்ல. எங்க அம்ம சுமந்த சட்டியக் காட்டி முந்நூறு பேரச் சிரிக்க வச்சிருக்காங்க. எனக்கு அருவருப்பா இருக்கு."

பையன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நல்ல மீன் மாட்டினால் அண்ணன் முகத்தில் வருகிற அதே வெளிச்சம். "சூப்பர் அக்கா" என்றான். நான் சொன்னதில் எது சூப்பர் என்று எனக்குப் புரியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் யாரும் என்னோடு படத்தைப் பற்றிப் பேசவில்லை. விடைத்தாள் கட்டுகளைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாளே அந்தத் துண்டு வந்துவிட்டது. மற்றவர்கள் சொன்னதெல்லாம் ஆளுக்கு ஒரு வரி. என்னுடையது மட்டும் தனியாக, முழுதாக. மேலே பெரிய எழுத்தில், 'படம் பார்த்துப் பொங்கிய மீனவப் பெண்'. என் முகத்துக்குப் பக்கத்தில் அந்த நாயின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். நான் பேசி முடித்ததும் நாய் விழுகிற காட்சியை ஒரு 'டொம்' சத்தத்தோடு சேர்த்திருந்தார்கள்.

கீழே இருந்த கருத்துகளை வாசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். காமெடியைக் காமெடியாகப் பார் என்று பாதிப் பேர். இந்த அக்கா வாயைத் திறந்ததும் எங்கள் வீட்டு நாய் விழுந்துவிட்டது என்று ஒருவன். படம் பார்க்க வந்தாயா, மீன் விற்க வந்தாயா என்று இன்னொருவன். போனிலிருந்தே நாறுகிறது என்று எழுதி மூக்கைப் பொத்தும் படம் போட்டவர்கள் எத்தனையோ பேர். எனக்காகப் பேச வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் எதிராளிகளின் அம்மாவையும் அக்காவையும் இழுத்தார்கள். பிறகு யாரோ என் கழுத்திலிருந்த சிலுவையைக் கண்டுபிடித்துவிட, படம், நாய், மீன் எல்லாம் போய், எந்தச் சாமி பெரிது என்பதில் வந்து நின்றது. எனக்காகப் பேசியவர்களின் வாயும் சுத்தமாக இல்லை என்று பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

கணவர் குவைத்தில் இருக்கிறார். அவரது அறையில் எல்லோரும் பார்த்தார்களாம். கூப்பிட்டு, "அந்த பச்சைச் சேலை ஒனக்கு நல்லா இருந்துச்சு" என்றார்.

"நான் பேசினது?"

"அதும் கொள்ளாம், நல்லாத்தான் பேசின. ஆனா இனி யாருக்க மைக்கிலயும் போய்ப் பேசாத."

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு தலை மேசையில் 'டொம்' என்று விழுந்தது. பக்கத்துத் தலையும் விழுந்தது. அந்த வரிசை முழுக்க விழுந்தது. அடக்கிய சிரிப்பு வகுப்பின் நடுவரைக்கும் வந்து நின்றது. கடப்புறத்திலிருந்து வருகிற பிள்ளைகள் நாலைந்து பேர் அந்த வகுப்பில் உண்டு. அவர்கள் யாரும் தலை தூக்கவில்லை. திறக்காத புத்தகத்தின் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினேன். சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது. ஒடிந்த துண்டாலேயே எழுதி முடித்தேன்.

தலைமை ஆசிரியை மதியம் கூப்பிட்டனுப்பினார். "வீடியோல ஸ்கூல் பேரு வரல்லல்லா? அந்த மட்டுக்கு நல்லது" என்றார். "ஆனா டீச்சர், அத எடுக்கச் சொல்லுங்க. பெற்றோர் கேக்காவ."

"நான் தப்பா எதுவும் சொல்லலியே."

"தப்புன்னு யாரு சொன்னது? நானும் படம் பாத்தேன். நாய் நல்ல அழகு. நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?"

எடுக்கச் சொல்லி அந்தச் சேனலுக்கு எழுதினேன். பள்ளிக்காக அல்ல, அந்த டொம் சத்தத்துக்காக. அன்றைக்கே பதில் வந்தது. 'அக்கா, உங்க வீடியோ சூப்பரா போகுது. அடுத்த வாரப் படத்துக்கும் வாங்க, டிக்கெட் நாங்க போடுறோம்.' கூடவே கும்பிடுகிற இரண்டு கைகள். நான் வேறு எங்கும் போய் மன்றாடவில்லை. அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். காற்று எச்சரிக்கை இருந்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டு முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

"வந்தியா, சினிமாக்காரி."

"ஒனக்கும் தெரியுமா?"

"நாங்க படத்தயே பாத்தாச்சு. போட்டுல ஒருத்தன் போன்ல வச்சிருந்தான். நாய் விழுகத கண்டு எல்லாவனும் கெடந்து சிரிச்சோம். இப்ப வலை எடுக்கும்போ ஒருத்தன் பக்கத்துல வந்தா மத்தவன் விழுந்து காட்டுகான்."

என்னால் நம்ப முடியவில்லை. "அவன் நம்ம அம்மையக் காட்டிச் சிரிக்கான். நீயும் சேந்து சிரிக்கியா?"

"நமக்கு நாறத்தானே செய்யும், மக்கா. கடல்ல கெடந்தா பின்ன சந்தனமா மணக்கும்? நீ இங்கேந்து போயி இரணியல்ல கெடக்க. ஒனக்குத்தான் மனசு பொறுக்காத வெப்ராளம். எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அவன் சொன்னதில் பாதி உண்மையாக இருக்கலாம் என்ற எண்ணம் வேறு வந்து என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

அண்ணன் மனைவி அடுக்களை வாசலில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். மைனி என்றுதான் நான் கூப்பிடுவேன். அம்மாவுக்குப் பிறகு அவள்தான் சட்டியைத் தூக்கினாள். கரையில் மீன் எடுத்து, நாலு பெண்களோடு ஆட்டோ பிடித்துத் தக்கலைக்குப் போய், அங்கே வீடு வீடாக நடந்து விற்கிறாள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அந்தப் படத்தால எனக்கும் ஒரு கூத்து நடந்து பிள்ளே" என்று சிரித்தபடி ஆரம்பித்தாள்.

அவள் வாடிக்கையாகப் போகிற ஒரு வீட்டில் காலேஜில் படிக்கிற மகன் இருக்கிறான். குட்டையான வெள்ளை நாய் ஒன்று வளர்க்கிறான். படம் பார்த்துவிட்டு வந்து நாயைப் பழக்கியிருக்கிறான். மைனி கேட்டுக்குள் காலை வைத்ததும் அவன், "மீன் வந்திட்டு" என்கிறான். நாய் படுத்துக் கண்ணை மூடுகிறது. வீட்டம்மா பக்கத்து வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். மகன் போனில் பிடித்திருக்கிறான்.

"மொதத் தடவ சரியா எடுக்கல்லன்னு, இன்னொரு மட்டம் வெளிய போயிட்டு கேறி வாருங்கன்னு சொன்னான்" என்றாள் மைனி.

"நீங்க என்ன செய்திய?"

"போயிட்டு வந்தேன்."

"தலையில சட்டியோடயா?"

"பின்ன எறக்கி வச்சிட்டா வருவேன்? சட்டி இருந்தாத்தானே அவனுக்குப் படம்." மறுபடியும் சிரித்தாள். "அந்த நாய் இருக்கே, படுத்த மாதிரியே ஒரு கண்ணத் தொறந்து சட்டியப் பாக்குவு. சாளை மீனுக்க தல ஒண்ணு எடுத்துப் போட்டேன், துள்ளி எழும்பிட்டு. அதுக்கு அந்த அம்மா நாய ஏசுகா, ஒழுங்கா சாவுன்னு."

சிரித்துக்கொண்டே சொன்னவள் முடிக்கும்போது சிரிக்கவில்லை. உள்ளித் தோலைக் கையால் கூட்டி முறத்தில் போட்டாள்.

அண்ணன் இதைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. "எந்த வீடு?" என்றான்.

"அது ஒங்களுக்கு எதுக்கு?"

"கேக்கேன்லா. எந்த வீடு?"

"நீரும் ஒம்ம போட்டுக்காரனும் விழுந்து விழுந்து சிரிச்சது காணாதா" என்றாள் மைனி, குரலை உயர்த்தாமல். அண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் கிளம்பும்போது தெரு முக்கில் நின்றவன் என்னிடம், "நான் போனா அடி ஆயிரும். நீ அவகூட ஒருக்கா போயிட்டு வா" என்றான்.

மைனிக்கு அதில் விருப்பமில்லை. இருந்தாலும் அடுத்த சனிக்கிழமை நான் தக்கலையில் போய் அவளுக்காகக் காத்து நின்றேன். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். குடையை அவளுக்குப் பிடிக்க முடியாது, சட்டி தடுக்கும். இரண்டு மூன்று வீட்டில் மீன் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்கு வந்தோம். பெரிய கேட், முற்றத்தில் ஓடு பதித்த நல்ல வீடு.

மைனி உள்ளே போய்ச் சட்டியை இறக்கினாள். வீட்டம்மா மீனைப் பார்க்கக் குனிந்தவள், பின்னால் வந்த என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நீங்க வீடியோல பேசின டீச்சர்லா?"

ஆமாம் என்றேன்.

"எனக்குக் கண்ட ஒடனே தெரிஞ்சு. டீச்சர், நீங்க பேசினது எவ்வளவு செரி. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. நான் நாலு பேருக்கு அனுப்பிக் குடுத்தேன். பாவம், மீன்காரியளும் மனுசங்கதானே." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெயில்ல நிக்காதீங்க. உள்ள கேறி வாருங்க, சாயா குடிச்சிட்டுப் போலாம்."

மைனி சட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இவிய எனக்க மைனி" என்றேன். "அண்ணனுக்க பொண்டாட்டி."

வீட்டம்மா என்னையும் மைனியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியா? ஒங்களப் பாத்தா சொல்லவே முடியாது டீச்சர்" என்றாள். என்னைப் புகழ்வதாகத்தான் நினைத்துச் சொன்னாள். முகம் முழுக்க அன்பு.

அந்நேரம் மகன் நாயோடு வெளியே வந்தான். எங்கள் பேச்சு அவன் காதில் விழவில்லை. சட்டியைக் கண்டதும் பழக்கமாக, "மீன் வந்திட்டு" என்றான். நாய் முற்றத்து ஓட்டின் மேல் விழுந்து கண்ணை மூடியது.

வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "லேய், டீச்சருக்க முன்னால வேண்டாம்" என்றாள்.

"எனக்க மைனி முன்னாலயும் வேண்டாம்" என்றேன்.

"அய்யோ, இவிய ஒண்ணும் நெனைக்க மாட்டாவ டீச்சர். எங்களுக்கு எத்தன வருசப் பழக்கம். இவியளும் சேந்து சிரிப்பாவளே." மைனியிடம் திரும்பினாள். "இல்லியா?"

மைனி அவளைப் பார்க்கவில்லை. துணியை எடுத்துச் சட்டியை மூடினாள். "இன்னைக்கு மீன் இல்ல" என்றாள். சட்டியில் பாதிக்கு மேல் சாளை பளபளவென்று கிடந்தது. சும்மாட்டைச் சுற்றி வைத்து, யாரையும் கைதாங்கச் சொல்லாமல் தானே முட்டுக்கொடுத்துச் சட்டியைத் தூக்கினாள். மூடிய துணியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அந்த ஓட்டில் ஒரு கோடு விழுந்தது. வீட்டம்மா என்ன ஆயிற்று என்று புரியாமல் என்னைப் பார்த்தாள். உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. என்னிடம் விளக்கம் கேட்கிற மாதிரி நின்றாள். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்தக் கனிந்த முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ரோட்டுக்கு வந்ததும் மைனி வேகமாக நடந்தாள். நான் கூட ஓட வேண்டியிருந்தது.

"நல்லா சொன்னிய மைனி" என்றேன்.

அவள் நின்றாள். "ஒனக்கென்ன பிள்ளே. நீ சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிருவ. நாலு வீட்டுல வாங்குக மீன அந்த ஒரு வீட்டுல வாங்குவாவ. பேரம் பேச மாட்டாவ. அந்த வீடு போச்சு." கொஞ்சம் நடந்துவிட்டு, "நீ வராம இருந்தா நான் சிரிச்சிட்டு வந்திருப்பேன். நீ நின்னதுனால சிரிக்க முடியல்ல" என்றாள்.

மீதி மீனை அவள் விற்று முடிக்கும்வரைக்கும் கூடவே நடந்தேன். பஸ் ஸ்டாப்பில் என்னை ஏற்றிவிடும்போது, குழம்புக்கு என்று ஒரு பொதி சாளையைக் கையில் திணித்தாள்.

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. படம் தியேட்டரைவிட்டுப் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்புத் தலைகள் இப்போது வேறு ஏதோ படத்துக்கு வேறு ஏதோ செய்கின்றன. பள்ளியில் மீன்குழம்பைத் தமிழ் டீச்சர் முன்போலவே சாப்பிடுகிறாள். நான் கொடுக்கிறேன். ஆனால் அவள் விரலைச் சூப்பும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

மைனி அந்த வீட்டுக்கு மறுபடியும் போகிறாள். வீட்டம்மாதான் ஒருநாள் ரோட்டில் அவளை நிறுத்தி, ஏன் வருவதில்லை, மீன் இல்லாமல் தொண்டையில் சோறு இறங்கவில்லை என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாளாம். மகனுக்கு நாய் விளையாட்டு அலுத்துவிட்டது. நாய் இப்போது விழுவதில்லை, கேட் திறக்கும் முன்னே வந்து நிற்கிறது.

போன வாரம் மைனி போனில் சொன்னாள்: "அந்த அம்மா ஒன்ன எப்பவும் கேக்காவ. டீச்சருக்கு சுகந்தானே, அன்னைக்கு சாயாகூட குடிக்காமப் போயிட்டாவளேன்னு ரொம்ப வருத்தம். நல்ல மனசு பிள்ளே அவியளுக்கு."

ம் என்றேன். வாயில் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அப்படி. போனை வைத்துவிட்டுப் போய்த் துப்பினேன்.